இலத்திரன் நுணுக்குக்காட்டி மாதிரிகளுக்கு எந்த வெற்றிடப் பூச்சுக் கருவி? திருகோணமலை ஆய்வுகூடங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புல்மோட்டைக் கனிய மணல், உரிய அனுமதியோடு எடுத்த பவளத் துண்டு, கொட்டியாறுக் குடாவின் டயட்டம் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி), சீமெந்துப் பசை. திருகோணமலையில் இருந்து எஸ்.ஈ.எம். (மேற்பரப்பைப் படம் பிடிக்கும் அலகிடும் இலத்திரன் நுணுக்குக்காட்டி) வரை போகக்கூடிய மாதிரிகள் பெரும்பாலும் இந்த வகைதான். இவற்றில் அநேகமானவை மின்னைச் சரியாகக் கடத்தாது. இலத்திரன் கற்றை விழுந்த இடத்தில் ஏற்றம் தேங்கி நிற்கும். படம் வெள்ளையாக எரியும், கோடு கோடாக இழுபடும், படம் எடுக்கும்போதே நகர்ந்தும் போகும். இதைத் தடுக்கத்தான் சில நனோமீற்றர் தடிப்பில் உலோகமோ காபனோ பூசுகிறோம்.

எனது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்குள்ள பெரும்பாலான வேலைகளுக்கு, ரோட்டரி பம்பியோடு (சாதாரண எண்ணெய் வெற்றிடப் பம்பி) வரும் எளிய ஸ்பட்டர் கோட்டரும் (உலோகத்தைத் தெறிக்கவைத்துப் பூசும் கருவி) அதே உடலில் பொருந்தும், காபனை ஆவியாக்கிப் பூசும் காபன் தலையும் போதும். மிச்சப்படும் காசைக் குளிரூட்டி, உலர் பெட்டி, யூ.பி.எஸ்., உதிரிப்பாகங்கள் என்று போட்டால் கருவி பல வருடம் ஓடும். இன்னும் ஆழமான வெற்றிடம் தரும் டர்போ பம்பி வாங்க நியாயமான காரணங்களும் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 1: கருவி உண்மையில் தேவையா?

நுணுக்குக்காட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கொழும்பிலோ பேராதனையிலோ நேரம் பதிந்து படம் எடுப்பவர் என்றால், பூச்சும் அங்கேயே போடமுடியுமா என்று கேளுங்கள். எஸ்.ஈ.எம். இருக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு கோட்டர் இருப்பது வழக்கம். வருடத்துக்கு ஓரிரு தொகுதி மாதிரி மட்டும் பார்க்கிற குழுவுக்குச் சொந்தக் கருவி வீண் செலவு.

அடுத்து, பூச்சே இல்லாமல் பார்க்கமுடியுமா என்று விசாரியுங்கள். குறைந்த வெற்றிட நிலை உள்ள எஸ்.ஈ.எம்.களில் மாதிரி இருக்கும் அறைக்குள் கொஞ்சம் வாயு விடப்படும். அதில் உருவாகும் அயன்கள் மாதிரியில் தேங்கிய ஏற்றத்தைச் சமப்படுத்திவிடும். ஏறத்தாழ 1 கிலோவோல்ற்றில் படம் எடுத்தாலும் பல மாதிரிகள் அடங்கிவிடும். பிரிவலுவில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

சொந்தக் கருவிக்கு நியாயம் வருவது வாரந்தோறும் மாதிரி வரும்போது, மேசை மேல் வைக்கும் சிறிய எஸ்.ஈ.எம். ஒன்று கையில் இருக்கும்போது, அல்லது ரீ.ஈ.எம். (மெல்லிய மாதிரியை ஊடுருவிப் பார்க்கும் இலத்திரன் நுணுக்குக்காட்டி) வேலைக்குக் காபன் படலம் நீங்களே தயாரிக்கும்போது. இங்கே பூசி வெளியூருக்குக் கொண்டுபோவதும் சாத்தியம். தங்கம், பிளாற்றினம், காபன் மூன்றும் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் பேசாமல் பயணம் செய்யும். குரோமியம் அப்படியல்ல. காற்றுப் பட்டதும் ஒட்சியேறத் தொடங்கும் என்பதால் பூசிய கையோடு படம் எடுக்கவேண்டும். திருகோணமலையில் பூசி, இரவு ரயிலில் கொழும்புக்குக் கொண்டுபோய், மறுநாள் மத்தியானம் பார்க்கிற திட்டத்தில் குரோமியத்துக்கு இடமில்லை.

படி 2: உங்களுக்கு வேண்டியது படமா, மூலகமா?

கருவித் தெரிவில் அதிகம் பிழைபோகும் இடம் இது. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வடிவம் மட்டும் வேண்டுமென்றால் உலோகப் பூச்சு நல்லது. தங்கமும் பிளாற்றினமும் துணை இலத்திரன்களை நிறைய வெளிவிடும், படம் பளிச்சென்று வரும். மூலகப் பகுப்பாய்வு, அதாவது ஈ.டி.எஸ். செய்வதென்றால், நீங்கள் பூசிய உலோகமும் எக்ஸ் கதிர் விடும். அந்தக் கதிர் நீங்கள் தேடும் மூலகத்தின் கோட்டுக்கு மேலேயே போய் உட்காரலாம்.

புல்மோட்டை மணலையே எடுங்கள். அதில் இல்மனைற், ரூட்டைல், சிர்கோன், சிறிதளவு மொனசைற் எல்லாம் கலந்திருக்கும். சிர்கோனில் உள்ள சேர்க்கோனியத்தின் எல் கோடு 2.04 கிலோ இலத்திரன்வோல்ற்றில் வரும். பிளாற்றினத்தின் எம் கோடு 2.05இல், தங்கத்தினுடையது 2.12இல். மொனசைற்றில் தேடுகிற பொசுபரசு 2.01இல். வழக்கமான ஈ.டி.எஸ். உணரியால் இவ்வளவு நெருங்கிய கோடுகளைப் பிரித்துக் காட்டமுடியாது. மென்பொருள் கணக்குப் போட்டுப் பிரிக்கும்தான். ஆனால் பொசுபரசு கொஞ்சமாக இருக்கும் மணியில் அந்தக் கணக்கை நம்பி அறிக்கை எழுத நான் துணியமாட்டேன். இரிடியத்துக்கு மாறினாலும் தப்பமுடியாது, அதன் கோடு 1.98இல். சீமெந்தில் ஜிப்சத்தில் இருந்து வரும் கந்தகம் 2.31, அதுவும் தங்கத்தின் கோடுகளுக்கு அருகில்தான்.

ஆகவே கனியமும் சீமெந்தும் உங்கள் பிரதான வேலை என்றால் காபன் தலை இல்லாத கருவியை வாங்கவேண்டாம். தங்கம் மட்டும் பூசும் மலிவான கருவியை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு காபனுக்கு அலைவதைவிட, இரண்டும் பொருந்தும் உடலைத் தெரிவுசெய்து, காபன் தலையை அடுத்த வருட நிதியில் வாங்குவது புத்தி. காபனுக்கும் ஒரு குறை உண்டு. துணை இலத்திரன் விளைவு குறைவு என்பதால் படம் மந்தமாக இருக்கும். பவளம் போன்ற காபனேற்றில் காபனையே அளக்கவும் முடியாமல் போகும். கல்சியத்தை அளந்து மிச்சத்தை இரசாயனச் சூத்திரத்தில் இருந்து கணக்கிடுவது அங்கே வழக்கம்.

படி 3: உலோகத்தைத் தெரிவுசெய்தல்

பூச்சு ஒரே சீரான தாள் மாதிரி படிவதில்லை. சிறு சிறு மணிகளாகப் படிந்து, பிறகுதான் ஒன்றோடொன்று சேரும். தங்கத்தின் மணிகள் பெரியவை, 5 முதல் 10 நனோமீற்றர் வரை போகும். தங்க-பலேடியக் கலவை கொஞ்சம் நுண்ணியது. பிளாற்றினம் 2, 3 நனோமீற்றர். குரோமியமும் இரிடியமும் அதைவிடச் சிறியவை.

டங்ஸ்டன் இழை உள்ள சாதாரண எஸ்.ஈ.எம்.இல் 20,000 மடங்கு உருப்பெருக்கத்தைத் தாண்டாத வேலைக்குத் தங்கமோ தங்க-பலேடியமோ தாராளம். இன்னும் நுண்ணிய கற்றை தரும் புல உமிழ்வு வகை நுணுக்குக்காட்டியில் டயட்டத்தின் நுண்துளைகளைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. அந்த உருப்பெருக்கத்தில் தங்க மணிகளே கண்ணுக்குத் தெரியும். ஓட்டின் மேற்பரப்பில் புதுக் கட்டமைப்பு ஒன்றைக் கண்டுபிடித்ததாக நினைத்துவிடவும் கூடும். பிளாற்றினத்துக்குப் போங்கள். ரோட்டரி பம்பிக் கருவியிலும் பிளாற்றினம் நன்றாகவே பூசலாம்.

தடிப்பு: சாதாரண வேலைக்கு 5 முதல் 10 நனோமீற்றர், கரடுமுரடான மாதிரிக்கு 15, 20 வரை, நுண்படத்துக்கு 2, 3. ஈ.டி.எஸ். வேலைக்குக் காபன் 15 முதல் 20.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூசும் உலோகம் வட்டத் தகடாக வரும், அதைத்தான் டார்கெட் என்பார்கள். 57 மில்லிமீற்றர் விட்டமும் 0.1 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள தங்க டார்கெட் கிட்டத்தட்ட 5 கிராம் வரும். அரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேல். செட்டித்தெரு விலையை வைத்துக் கணக்குப் போட்டால், விற்பனையாளர் கேட்கும் தொகை நியாயமா என்று உடனே தெரிந்துவிடும். தேய்ந்து நடுவில் வளையமாக ஓட்டை விழுந்த பழைய டார்கெட்டையும் எறியாதீர்கள். அதில் இன்னும் நிறையத் தங்கம் மிச்சம் இருக்கும், சில நிறுவனங்கள் திருப்பி எடுத்து விலையில் கழித்துத் தரும்.

படி 4: பம்பி, கருவியின் விலையைத் தீர்மானிக்கும் இடம்

ஸ்பட்டர் கோட்டரில் நடப்பது இதுதான். கருவியின் வெற்றிட அறையில் ஆகன் வாயு கொஞ்சம் இருக்கும். உயர் வோல்ற்றளவில் அது அயனாகி டார்கெட்டில் போய் மோதும், உலோக அணுக்கள் தெறித்து மாதிரியில் படியும். ரோட்டரி பம்பிக் கருவிகள் இதை 0.05 முதல் 0.1 மில்லிபார் அளவில் செய்யும். டர்போ பம்பி உள்ளவை முதலில் 10⁻⁵ மில்லிபார் வரை இறங்கி, அறையைச் சுத்தமாக்கிவிட்டு, பிறகு ஆகனை உள்ளே விட்டு 10⁻² மில்லிபாருக்குப் பக்கத்தில் வேலை செய்யும்.

இந்த வித்தியாசத்தால் என்ன? ரோட்டரி மட்டும் இருந்தால் அறையில் நீராவியும் ஒட்சிசனும் கொஞ்சம் தங்கிவிடும். தங்கம், தங்க-பலேடியம், பிளாற்றினம் அதைப் பொருட்படுத்தாது. குரோமியம், தைத்தேனியம், அலுமினியம், டங்ஸ்டன் போன்றவை ஒட்சியேறிவிடும். இவற்றைப் பூச டர்போ வேண்டும், கூடவே மூடித் தகடு ஒன்றும் வேண்டும். டார்கெட்டின் மேல் ஏற்கெனவே படிந்த ஒட்சைட்டை, மாதிரியை மூடிவைத்துக்கொண்டு முதலில் தெறிக்கவைத்துத் துப்புரவாக்குவதற்காகத்தான் அந்தத் தகடு.

விற்பனையாளர் சொல்லாத பக்கம் ஒன்றும் இருக்கிறது. 0.05 மில்லிபாரில் ஒரு வாயு மூலக்கூறு மோதாமல் போகும் தூரம் ஏறத்தாழ ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான். தெறித்த அணு வழியில் பல தடவை மோதித் திசைமாறி, மூலைமுடுக்கெல்லாம் போய்ப் படியும். 10⁻⁵ மில்லிபாரில் அதே தூரம் பல மீற்றர். அங்கே காபன் கோலை ஆவியாக்கினால் அணுக்கள் நேர்கோட்டில் வரும், மாதிரியின் மறுபக்கம் நிழல் விழுந்து வெறுமையாக இருக்கும். பவளம், ஃபோராமினிஃபெரா (ஓடுள்ள கடல் நுண்ணுயிர்), பூச்சி போன்ற கரடான மாதிரிகளுக்குக் குறைந்த விலைக் கருவியின் “மோசமான” வெற்றிடமே ஒரு வசதி.

காபனிலும் இதே பிரிவு. காபன் நூலை ஒரே மின்துடிப்பில் எரித்து ஆவியாக்கும் முறை ரோட்டரி வெற்றிடத்திலும் வேலை செய்யும். ஈ.டி.எஸ்.க்கு அது போதும், தடிப்புக் கட்டுப்பாடு மட்டும் சுமார். ரீ.ஈ.எம். வலைகளுக்கு மெல்லிய, சீரான, உறுதியான காபன் படலம் வேண்டுமென்றால் காபன் கோலும் 10⁻⁵ மில்லிபாரும் வேண்டும். டர்போவுக்கான மிக நேர்மையான காரணம் இதுதான்.

உதாரணமாக, குவோரம் நிறுவனத்தின் கியூ150 வரிசையில் ஆர் என்பது ரோட்டரி, டி என்பது டர்போ. பின்னால் வரும் எஸ் ஸ்பட்டரையும் ஈ காபன் ஆவியாக்கலையும் குறிக்கும், ஈஎஸ் என்றால் இரண்டும். லைகாவில் ஏசிஈ200 குறைந்த வெற்றிடம், ஏசிஈ600 உயர் வெற்றிடம். மற்ற நிறுவனங்களின் பட்டியலையும் இதே கேள்வியோடு படியுங்கள்: பம்பி எது, எந்தத் தலைகள் பொருந்தும்?

படி 5: மாதிரி மேடையும் தடிப்பளவியும்

மாதிரி சுழலும் மேடையாக இருக்கட்டும். சாய்ந்து சுழல்வது இன்னும் நல்லது. ரெசினில் பதித்து மினுக்கிய மணல் கட்டைக்குச் சுழற்சி தேவையில்லை, பவளத்துக்குத் தேவை.

தடிப்பளவி என்பது ஒரு குவார்ட்ஸ் பளிங்கு. அதில் பொருள் படியப் படிய அதிர்வெண் குறையும், அதிலிருந்து தடிப்பைக் கணக்கிடுவார்கள். பூசும் பொருளின் அடர்த்தியைச் சரியாகக் கொடுக்காவிட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. பளிங்கு வேறோர் இடத்தில் இருப்பதால் திருத்தக் காரணி ஒன்றும் வேண்டும். ஒரே வகை மாதிரியைத் திரும்பத் திரும்பப் பூசும் ஆய்வுகூடம் நேரத்தையும் மின்னோட்டத்தையும் வைத்தே சமாளிக்கலாம். பலர் பலவகை மாதிரியோடு வரும் இடத்தில் இது ஆடம்பரமல்ல.

காபன் தடிப்பைக் கண்ணால் பார்க்கப் பழைய முறை ஒன்று உண்டு. மினுக்கிய பித்தளைத் துண்டொன்றை மாதிரிக்குப் பக்கத்தில் வையுங்கள். செம்மஞ்சள் நிறம் வந்தால் ஏறத்தாழ 15 நனோமீற்றர், ஊதா கலந்த சிவப்பு 20, நீலம் 25. கருவியில் அளவி இருந்தாலும் இதைச் செய்யலாம்.

மக்னெட்ரோன் தலை இருக்கிறதா என்றும் கேளுங்கள். காந்தங்கள் இலத்திரன்களை டார்கெட்டுக்குப் பக்கத்தில் பிடித்துவைப்பதால் மாதிரி சூடாகாது. இப்போது வரும் கருவிகளில் இது பொதுவாக இருக்கும், பழைய கருவியை இரண்டாங்கையாக வாங்குவோர்தான் கவனிக்கவேண்டும்.

படி 6: திருகோணமலையின் காற்றும் மின்சாரமும்

பட்டியல் புத்தகத்தில் வராத செலவுகள் இங்கேதான். மாரியில் ஈரப்பதன், கச்சான் காலத்தில் வெக்கையும் தூசியும், வருடம் முழுக்க உப்புக் காற்று.

கருவியின் வெற்றிட அறையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நீராவி அதன் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை வெளியே எடுக்கத்தான் நேரம் போகும். கருவியைக் குளிரூட்டிய, ஈரம் குறைந்த ஆய்வறையில் வையுங்கள். வெற்றிட அறைக்குள் மீண்டும் காற்றை விடும் வாயிலை உலர்ந்த நைதரசனோடு இணைக்கமுடியுமா என்று கேளுங்கள். வேலை இல்லாத நேரத்தில் அந்த வெற்றிட அறையைத் திறந்துபோடாமல் வெற்றிடத்திலேயே விட்டுவைப்பது நல்ல பழக்கம்.

ரோட்டரி பம்பியின் எண்ணெயில் நீர் சேர்ந்தால் அது பால் நிறமாகும், வெற்றிடமும் இறங்காது. காஸ் பலாஸ்ட் வால்வு (பம்பிக்குள் கொஞ்சம் காற்றை விடும் வால்வு) உள்ள, இரண்டு கட்டப் பம்பியாகக் கேளுங்கள். அந்த வால்வைத் திறந்து அரை மணித்தியாலம் ஓடவிட்டால் நீராவி வெளியேறிவிடும். பம்பிக்கும் அறைக்கும் இடையில் எண்ணெய் ஆவிப் பொறி ஒன்றும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் மெல்லப் பின்வந்து மாதிரியில் படியும். ஈ.டி.எஸ். வரைபில் காபன் உச்சம் இருக்கக்கூடாத மாதிரியில் அது தெரிந்தால் காரணம் தேடி நாட்கள் போகும்.

மின்சாரம் போவதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ரோட்டரி பம்பியில் எண்ணெய் பின்னிழுக்காமல் தடுக்கும் வால்வு கட்டாயம். டர்போவின் சுழலி நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் தடவை சுற்றுவது, சடுதியாகக் காற்று புகுந்தால் தாங்கிகள் கெட்டுவிடும். அதற்கு யூ.பி.எஸ்.உம் வோல்ற்றளவு நிலைப்படுத்தியும் இல்லாமல் டர்போ வாங்கவேண்டாம் என்பேன். பம்பி 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் மாதிரியா என்று எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்.

ஆகன் 99.999 வீதத் தூய்மை. பாவனை மிகக் குறைவு, ஒரு சிலிண்டர் நீண்டகாலம் வரும். அதைக் கொண்டுவருவதும் திருப்பி அனுப்புவதும்தான் அலைச்சல், இரண்டாவது சிலிண்டரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குழாய் உலோகமாக இருக்கட்டும், மெல்லிய பிளாஸ்டிக் குழாயினூடாக ஈரம் கசிந்து உள்ளே வரும். ஆகன் இல்லாமல் காற்றிலேயே தங்கம் பூசும் கருவிகளும் உண்டு. எங்கள் மாரிக்காற்றில் அதைச் செய்து நல்ல படம் எதிர்பார்ப்பது பேராசை.

உயிரியல் மாதிரி செய்பவர்களுக்கு ஓர் இடைச்செருகல். திரவக் காபனீரொட்சைட்டால் மாதிரியைச் சுருங்காமல் உலர்த்தும் மாறுநிலைப் புள்ளி உலர்த்தியும் சேர்த்து வாங்க நினைக்கிறீர்களா? காபனீரொட்சைட்டின் மாறுநிலை வெப்பநிலை 31.1 பாகை செல்சியஸ். ஆனி, ஆடி மத்தியானத்தில் குளிரூட்டி இல்லாத அறை அதைச் சாதாரணமாகத் தாண்டும், திரவமாக நிரப்பவே முடியாமல் போகும். குளிரூட்டியை முதலில் பொருத்துங்கள். கடல் மாதிரிகளை உலர்த்துவதற்கு முன் உப்புப் போகும்வரை கழுவவும் வேண்டும். உப்புப் பளிங்கின் மேல் எவ்வளவு பிளாற்றினம் பூசினாலும் தெரிவது உப்புத்தான்.

படி 7: விலைமனு எழுதுதல்

அரச நிறுவனம் என்றால் விவரக்குறிப்பில் எழுதியதுதான் வரும். “நல்ல தரமான ஸ்பட்டர் கோட்டர்” என்று எழுதினால், மிகக் குறைந்த விலைக்காரர் எதையாவது கொண்டுவந்து இறக்குவார். எண்களாக எழுதுங்கள்: இறுதி அமுக்கம் எவ்வளவு, அதை அடைய எத்தனை நிமிடம், எந்த டார்கெட்டுகள், டார்கெட்டின் விட்டம், மாதிரி மேடையில் எத்தனை ஸ்டப் (மாதிரியை ஒட்டும் சிறு உலோகத் தாங்கி) வைக்கலாம், காபன் தலை உண்டா, தடிப்பளவி உண்டா.

அமுக்கமானியையும் குறிப்பிடுங்கள். பிரானி வகை 10⁻³ மில்லிபார் வரைதான் நம்பகம். அதுவும் பெரும்பாலும் நைதரசனுக்கு அளவுதிருத்தியது, ஆகனில் உண்மையை விடக் குறைவாகக் காட்டும். டர்போக் கருவிக்கு உயர் வெற்றிட அமுக்கமானி ஒன்று கூடவே வேண்டும்.

உதிரிப்பாகங்களைக் கருவியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்: வெற்றிட அறையின் கண்ணாடி உருளை ஒன்று, அதன் இறப்பர் வளையங்கள், பம்பி எண்ணெய், பொறியின் நிரப்பி, உருகிகள், காபன் நூல் அல்லது கோல், பளிங்குகள், இரண்டாவது டார்கெட். தனியாக ஒரு கண்ணாடி உருளையை இறக்குமதி செய்ய எடுக்கும் காலத்தில் ஒரு மாணவரின் ஆய்வுக் காலமே முடிந்துவிடலாம். திருத்துநர் எங்கிருந்து வருவார், எத்தனை நாளில் வருவார் என்பதையும் ஒப்பந்தத்தில் போடுங்கள்.

விலை கேட்கும்போதே உங்கள் மாதிரியில் சிலவற்றை அனுப்பி, பூசிப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். மணல் கட்டை ஒன்று, பவளம் ஒன்று, டயட்டம் ஒன்று. பெரிய நிறுவனங்கள் இதற்குப் பெரும்பாலும் சம்மதிக்கும். பளபளப்பான விளம்பரப் படங்களைவிட இந்த மூன்றும் அதிகம் சொல்லும்.

படி 8: கடைசித் தவணை கொடுக்கும் முன்

மாதிரி இல்லாத வெறும் வெற்றிட அறையை மூடிப் பம்பியை ஓடவிட்டு, சொன்ன நேரத்தில் சொன்ன அமுக்கம் வருகிறதா பாருங்கள். பிறகு பம்பியை அறையில் இருந்து அடைத்துவிட்டு அமுக்கம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று குறியுங்கள். ஆரம்பத்தில் ஏறிப் பிறகு தணிந்தால் ஈரம். ஒரே சீராக ஏறிக்கொண்டே போனால் கசிவு.

அடுத்து, கண்ணாடித் தகடுகளை மேடையின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் வைத்துப் பூசுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் ஓரங்கள் நடுவைவிட வெளிறியிருக்கிறதா என்று தெரியும். காபனுக்கு, வெள்ளைப் பீங்கான் துண்டொன்றில் ஒரு சொட்டுப் பம்பி எண்ணெய் விட்டுப் பூசுங்கள். எண்ணெய் இருந்த இடம் வெள்ளையாகவே நிற்கும், சுற்றிவர உள்ள கருமையை அதோடு ஒப்பிடலாம். மூடியைத் திறந்தால் உயர் வோல்ற்றளவு தானாக நிற்கிறதா என்பதை நிறுவ வந்தவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் ஒரே நாளில் முடித்துக் கையெழுத்துப் போடவேண்டாம். ஒரு வாரம் ஓடவிட்டு, அதே பரிசோதனையை மறுபடி செய்து, இரண்டு நாளின் எண்களையும் கருவியின் பக்கத்திலேயே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அடுத்த மாரியில் வெற்றிடம் இறங்கவில்லை என்று யாராவது சொல்லும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள்தான் இருக்கும்.